ஒரு குளத்தின் ஐந்தொகை

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வரவு செலவுக் கணக்கைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதத்தின் முதல் தேதியில் கைக்கு வந்த பணம், பால்காரருக்கு இவ்வளவு, மளிகைக் கடைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று பிரிந்து பிரிந்து, இருபதாம் தேதிக்குள் மாயமாய் மறைந்துவிடும் விந்தையை எல்லோரும் அறிவோம். சிலர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள், பலர் எழுதுவதில்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் பணம் என்னவோ போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மனிதர் வீட்டுக்கு எழுதுகிற இந்தப் பற்று வரவை ஒரு குளத்துக்கும் எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. அந்தக் குளத்தில் வாழும் பாசியும் புழுவும் வண்டும் எங்கிருந்து சம்பாதிக்கின்றன, எப்படிச் செலவழிக்கின்றன, கடைசியில் என்ன மிச்சம் என்பதைக் காலணா தவறாமல் பேரேட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர் உட்கார்ந்தார். அவர் பெயர் ரேமண்டு லிண்டமன். ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் 1915-ஆம் வருஷம் பிறந்தவர். தமது கணக்கு அச்சேறிய தினத்தில் அவர் இந்த உலகத்தில் இல்லை. இறந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு.

அவருடைய கதைக்குப் போவதற்கு முன் மூலதனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூமியிலுள்ள ஜீவராசிகளுக்கு, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும், ஒரே ஒரு எஜமானர்தான் படியளக்கிறார். அவர் சூரிய பகவான். ஆனால் அவர் அளக்கும் படியை நேரே கையேந்தி வாங்கிக்கொள்ள நம்மால் முடியாது. வெயிலில் நாள் முழுதும் நின்றாலும் தலைவலி வருமே தவிரப் பசி தீராது. வெயிலை ஆகாரமாக மாற்றும் வித்தை பச்சை இலைக்குத்தான் தெரியும். காற்றிலிருந்து கரியமில வாயுவையும் வேரிலிருந்து தண்ணீரையும் எடுத்து, வெளிச்சத்தின் சக்தியைக் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. பிராணவாயுவை வெளியே விட்டுவிடுகிறது. இந்தச் சர்க்கரைதான் உலகத்தின் முதல் நாணயம். மாடு புல்லைத் தின்பதும், புலி மாட்டைத் தின்பதும், நாம் சோறு தின்பதும் இந்த நாணயம் கைமாறுவதே.

இந்த வித்தையில் இலை எவ்வளவு கெட்டிக்காரி? பச்சைப் பசேலென்று தளதளக்கும் வயலைப் பார்த்தால், விழுகிற வெயில் முழுவதையும் அது குடித்துவிடுகிறது என்றே தோன்றும். 1926-ஆம் வருஷத்தில் டிரான்ஸோ என்னும் அமெரிக்கத் தாவர சாஸ்திரி இதற்கு ஒரு கணக்குப் போட்டார். நன்றாக விளையும் ஒரு ஏக்கர் மக்காச்சோளம், பதினாயிரம் செடிகள், நூறு நாள் வளர்ச்சி. அந்த நூறு நாளில் அந்த ஏக்கரின்மேல் விழுந்த சூரிய சக்தி சுமார் 204 கோடி கிலோ கலோரி. அதில் சர்க்கரை செய்வதற்குச் செடிகள் உபயோகித்தது 3 கோடியே 30 லட்சம். அதாவது நூற்றுக்கு 1.6 பங்குதான்! இலைகளின் வழியாகத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுவதற்கு மட்டும் 91 கோடி செலவாகியிருந்தது. செய்த சர்க்கரையிலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைச் செடிகள் தம்முடைய மூச்சுக்காகவே எரித்துவிட்டன. மீதியில்தான் தண்டு, தாள், வேர், கதிர் எல்லாம்.

நூற்றுக்கு ஒன்றரை என்று கேட்டதும் இலையை ஏளனம் செய்ய வேண்டாம். வெயிலில் ஏறக்குறைய பாதி, இலைக்கு உபயோகப்படாத ஒளி. மிச்சத்திலும் கொஞ்சம் பிரதிபலித்து வெளியே போகிறது; கொஞ்சம் உஷ்ணமாய்ப் போகிறது. எல்லாம் மிகச் சரியாக நடந்தால்கூட, நெல்லும் கோதுமையும் போன்ற பயிர்கள் நூற்றுக்கு 4.6-க்கு மேலும், கரும்பும் சோளமும் போன்றவை நூற்றுக்கு 6-க்கு மேலும் சேமிக்க முடியாது என்று 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. கரும்பு ஏன் ஒரு படி மேல் என்பது சுவாரஸ்யமான விஷயம். பின்னால் அதற்கு வருவோம்.

சேற்றில் ஐந்து வருஷம்

மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் சிடார் கிரீக் என்னும் இடம் இருக்கிறது. அங்கே மணற்பாங்கான பூமிக்கு நடுவே, சிடார் மரங்களும் சதுப்பும் சூழ, சிடார் பாக் என்று ஓர் ஏரி. ஏரி என்று மரியாதைக்குச் சொல்லுகிறோம். ஆழம் ஒரு மீட்டர்தான். இடுப்பளவுத் தண்ணீருக்குக் கீழே அளவில்லாத சேறு. நம் ஊர்க் கணக்கில் அது ஒரு குளம். அதுவும் வயதாகிப்போன குளம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தூர்ந்துகொண்டே வருவது.

இந்தக் குளத்தைத்தான் லிண்டமன் மின்னசோட்டா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்காக எடுத்துக்கொண்டார். ஐந்து வருஷம் அதைச் சுற்றி வந்தார். அவருடைய மனைவி எலினாரும் கூடவே வந்து வேலை செய்தார். கோடையில் தண்ணீரையும் சேற்றையும் அள்ளி, அதிலுள்ள நுண்ணிய பாசிகளையும், அவற்றை மேயும் பொடி ஜந்துக்களையும், சேற்றுக்குள் வாழும் புழுக்களையும், அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சி வண்டுகளையும் எண்ணினார்கள். குளிர்காலத்தில் குளம் கல்லைப் போல உறைந்துவிடும். மேலே பனிக்கட்டி மூடிக்கொள்ள, உள்ளே பிராணவாயு தீர்ந்துபோகும். மூச்சு முட்டும் அந்த இருட்டில் எந்தெந்த ஜந்து எத்தனை நாள் உயிரோடு தாக்குப் பிடிக்கிறது என்று லிண்டமன் தனியே ஒரு பரிசோதனையே நடத்திப் பார்த்தார்.

பிறரும் இப்படி எண்ணியதுண்டு. இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் 1927-லேயே, தின்னப்படுகிறவை ஏராளம், தின்னுகிறவை சொற்பம், தின்னுகிறவற்றையும் தின்னுகிறவை இன்னும் சொற்பம் என்று கோபுர வடிவமாகக் காட்டியிருந்தார். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்பவர், உயிருள்ளவற்றையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், காற்று முதலியவற்றையும் பிரிக்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஈகோஸிஸ்டம் என்று பெயரும் வைத்தார். சூழல் தொகுதி என்று நாம் சொல்லலாம். ஆனால் எல்டனின் கோபுரத்தில் ஒரு சங்கடம். ஒரு யானையையும் ஒரு எறும்பையும் தலைக்கு ஒன்று என்று எண்ணினால் கணக்கு என்னவாவது? ரூபாயையும் அணாவையும் பைசாவையும் ‘இத்தனை காசுகள்’ என்று கூட்டினாற்போலத்தான் ஆகும்.

லிண்டமன் இங்கேதான் வித்தியாசமான காரியம் செய்தார். பிடித்ததையெல்லாம் உலர்த்தி, நிறுத்து, எடையைக் கலோரியாக மாற்றினார். பாசியானால் என்ன, புழுவானால் என்ன, எல்லாவற்றையும் ஒரே நாணயத்தில் எழுதினார். இன்ன ஜந்து இன்ன பெயர் என்பதை விட்டுவிட்டு, வெயிலைப் பிடிக்கிறவர்கள், அவர்களைத் தின்கிறவர்கள், அந்தத் தின்கிறவர்களைத் தின்கிறவர்கள் என்று மூன்று படிகளாகப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு படியிலும் வளர்ச்சிக்கு எவ்வளவு, மூச்சுக்கு எவ்வளவு, மேல்படிக்காரர் பறித்துக்கொண்டது எவ்வளவு, மக்கிப்போனது எவ்வளவு என்று பத்தி பிரித்து எழுதினார்.

அந்த ஐந்தொகையை நேயர்கள் பார்க்க வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் நீர்ப்பரப்பின்மேல் ஒரு வருஷத்தில் விழும் சூரிய சக்தி 1,18,872 கலோரி. (இந்த எண்ணைப் பக்கத்து மாகாணமான விஸ்கான்ஸினில், மெண்டோட்டா ஏரிக்காக ஜூடே என்னும் பெரியவர் போட்டு வைத்திருந்த கணக்கிலிருந்து லிண்டமன் எடுத்துக்கொண்டார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.) அதில் குளத்தின் பாசியும் நீர்ச்செடியும் சம்பாதித்தது 111 கலோரி. ஆயிரத்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அந்த 111-இல் மேய்கிற ஜந்துக்களின் கைக்குப் போனது 14.8. அதிலிருந்து வேட்டையாடும் ஜந்துக்களுக்குக் கிடைத்தது 3.1. லட்சத்துப் பதினெண்ணாயிரம் ரூபாய் வரும்படியுள்ள ஜமீனில், கடைசிப் பேரனுக்கு மூன்று ரூபாய் ஒரணா கிடைத்தது போல!

நடுவில் எல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி மூச்சுக்குப் போயிற்று. உயிரோடு இருப்பதற்கே செலவு உண்டல்லவா? பாசி, வளர்ச்சிக்கு நூறு வைத்தால் மூச்சுக்கு 33 செலவழித்தது. மேய்கிற ஜந்து நூற்றுக்குச் சுமார் 60. வேட்டை ஜந்துவோ, வளர்ச்சிக்கு நூறு என்றால் ஓடிப் பிடிக்கும் வாழ்க்கைக்குச் சுமார் 140! இருந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் பிராணிக்கும், இரையைத் தேடி அலைகிற பிராணிக்கும் உள்ள வித்தியாசம் இது. படி ஏற ஏற ஊதாரித்தனம் அதிகமாகிறது. அப்படி மூச்சாக எரிந்த சக்தி உஷ்ணமாய் மாறி ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. அதை மறுபடி பிடித்து உபயோகிக்க எந்த ஜீவனாலும் முடியாது. தண்ணீரும் கரியும் உப்பும் குளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரலாம். சக்தி மட்டும் ஒரு வழிப் பிரயாணி.

காட்டில் மான்கள் நிறைய, புலிகள் கொஞ்சம் என்பதற்கும், புலியைத் தின்று பிழைக்கும் ஒரு மிருகம் இல்லாமலே போனதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். அதற்கு மிஞ்சுவது ஒரு குடும்பம் நடத்தப் போதாது. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்று மிஞ்சும் என்று பாடப் புத்தகங்களில் ஒரு சூத்திரம் எழுதியிருக்கும். பரீட்சைக்கு அது போதும். குளத்துக் கணக்கில் முதல் படியில் மிஞ்சியது நூற்றுக்குப் பதின்மூன்று, அடுத்த படியில் இருபதுக்குச் சற்று மேல். இடத்துக்கு இடம் இது மாறும். புளோரிடாவில் வெள்ளி ஊற்று என்று பொருள்படும் ஸில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் நீரூற்று இருக்கிறது. பளிங்கு போன்ற தண்ணீர். கோடையும் குளிரும் ஒரே வெதுவெதுப்பு. ஹோவர்டு ஓடம் 1957-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஒரு சதுர மீட்டரில் தாவரங்கள் வருஷத்துக்கு 20,810 கிலோ கலோரி சம்பாதித்தன. சிடார் பாக் குளத்தின் சம்பாத்தியத்தை அதே அளவில் சொன்னால் சுமார் 1,110 தான். அவ்வளவு செல்வம் கொழிக்கும் நீரூற்றிலும், மேய்கிறவர்களுக்கு 3,368, வேட்டைக்காரர்களுக்கு 383, உச்சிப்படியிலிருக்கும் பெரிய மீன் வகையறாக்களுக்கு 21 என்றுதான் கணக்கு முடிந்தது.

குளத்து ஐந்தொகையில் நம்மை மிகவும் கவர்ந்த பத்தி வேறு. பாசியும் செடியும் சேர்த்த செல்வத்தில் தின்னப்பட்டது 14.8, மக்கியது 2.8 மட்டுமே, மூச்சுக்கு 23.4. மீதி எழுபது? அது தின்பாரற்று, மக்கவும் வழியின்றி, பிராணவாயு இல்லாத சேற்றில் போய்ப் படிந்தது. குளம் தன் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் தன் வயிற்றுக்குள்ளேயே புதைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் தூர்ந்துகொண்டே வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இப்படிச் சதுப்புகளில் புதைந்த வெயில்தான் நிலக்கரி. நாம் ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் எரித்தது அந்தப் புதையலை.

ஆசிரியருக்கு வந்த கட்டுரை

1941-இல் டாக்டர் பட்டம் பெற்று லிண்டமன் யேல் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே ஈவ்லின் ஹட்சின்சன் என்னும் மேதை இருந்தார். அவருடைய துணையோடு, குளத்துக் கணக்கை வைத்து எல்லாச் சூழல் தொகுதிகளுக்கும் பொருந்தும் ஒரு தத்துவமாக விரித்து எழுதி, ‘ஈகாலஜி’ என்னும் பத்திரிகைக்கு அனுப்பினார். பத்திரிகை வழக்கப்படி அதை இரண்டு நிபுணர்களின் பார்வைக்கு அனுப்பினார்கள். ஒருவர் பால் வெல்ஷ். மற்றவர், நாம் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அதே சான்ஸி ஜூடே.

இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏரிகளை ஆயுள் முழுதும் அளந்தவர்கள் அவர்கள். ஒரு சின்னக் குளத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய சித்தாந்தம் பேசுவதா? இன்னும் பல ஏரிகளின் கணக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அவர்களுடைய கட்சி. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நாம் நினைக்கிறோம். ஆதாரத்துக்கு மீறிப் பேசும் இளைஞர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் ஹட்சின்சன் விடவில்லை. எண்களைப் போலவே எண்ணங்களும் சாஸ்திரத்துக்கு வேண்டும் என்ற கருத்தோடு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். லிண்டமன் கட்டுரையைத் திருத்தி எழுதினார். ஆசிரியர் தாமஸ் பார்க், நிபுணர்கள் வேண்டாமென்றதைப் பொருட்படுத்தாமல், வெளியிடுவது என்று தீர்மானித்தார்.

இதற்கிடையில் லிண்டமன் நோயில் விழுந்தார். ஈரல் கெட்டுப்போயிருந்தது. 1942-ஆம் வருஷம் ஜூன் மாதம் 29-ஆம் தேதி காலமானார். கட்டுரை அக்டோபர் இதழில் வெளிவந்தது. அதன் முடிவில் ஹட்சின்சன் எழுதிய ஒரு சிறு குறிப்பும் இருந்தது. சூழல் சாஸ்திரம் கற்கிற மாணவர்கள் இன்றும் முதலில் படிக்கிற கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அதன்பின் உலகம் முழுவதற்கும் இந்தக் கணக்கை எழுதத் துணிந்தார்கள். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நிலத்தின் பசுமையையும் கடலின் நிறத்தையும் பார்த்துச் சொன்ன விவரங்களைக் கொண்டு, 1998-இல் ஒரு மதிப்பீடு வந்தது. பூமியின் தாவரங்கள், தம் மூச்சுச் செலவு போக, வருஷத்துக்கு நிகரமாகச் சேர்ப்பது சுமார் 10,500 கோடி டன் கரி. அதில் பாதிக்குச் சற்று மேல் நிலத்தில், மீதி கடலில். கடலிலுள்ள தாவரமோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான். பூமியிலுள்ள மொத்தத் தாவர எடையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் சம்பாத்தியத்தில் பாதி! மரம் பரம்பரைச் சொத்துக்காரன். கடற்பாசி அன்றாடம் காய்ச்சி. ஆனால் அந்த அன்றாடங்காய்ச்சி நாலைந்து நாளைக்கு ஒரு முறை முதலைப் புரட்டிவிடுகிறான். கையிருப்பைப் பார்த்து வரும்படியை மதிப்பிடக் கூடாது என்பது மார்வாரிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமல்ல.

இந்த வருமானத்தில் மனிதன் ஒருவனே எவ்வளவு எடுத்துக்கொள்கிறான் என்றும் கணக்குப் பார்த்தார்கள். நிலத்துத் தாவரங்கள் விளைவிக்கக் கூடியதில், அறுவடையாகவும் மேய்ச்சலாகவும் காடழிப்பாலும் மனிதன் கைக்கு அடங்கியது 1910-இல் நூற்றுக்கு 13. 2005-இல் 25. லட்சக்கணக்கான ஜாதி ஜீவன்கள் பங்குக்கு நிற்கும் பந்தியில், ஒரே ஒருவன் இலையில் நாலில் ஒரு பங்கு! அப்படியிருக்க, மொத்த விளைச்சலைப் பெருக்க முடியுமா, பெருக்கினால் நிலைக்குமா என்ற கேள்வி சாமானியமானதல்ல. அதற்கான விடையும் அதே சிடார் கிரீக்கிலிருந்துதான் வந்தது என்பது விசித்திரம்.

கைவிட்ட வயல்கள்

லிண்டமனின் குளம் இருக்கும் அந்தப் பிரதேசம் பிற்காலத்தில் மின்னசோட்டா சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலமாயிற்று. அங்கே மண் வெறும் மணல். விவசாயிகள் உழுது பார்த்து, கட்டுப்படியாகாமல் கைவிட்டுப் போன வயல்கள் பல. டேவிட் டில்மன் என்னும் விஞ்ஞானி 1982-இல் அப்படிப்பட்ட மூன்று வயல்களிலும் ஒரு பழைய புல்வெளியிலுமாக 207 பாத்திகள் கட்டினார். சில பாத்திகளுக்கு நைட்ரஜன் உரம் அதிகம், சிலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. மணற்பூமிக்கு உரம் கிடைத்தால் கேட்பானேன்? புல் திமுதிமுவென்று வளர்ந்தது. விளைச்சல் கூடியது. ஆனால் உரத்தை நன்றாகச் சாப்பிடத் தெரிந்த ஓரிரு ஜாதிப் புற்கள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டன. பாத்தி செழித்தது, பாத்தியிலுள்ள ஜாதிகள் குறைந்தன.

1987-88 வருஷங்களில் அந்தப் பிராந்தியத்தில் கடுமையான வறட்சி வந்தது. எந்த ஆராய்ச்சியாளரும் விரும்பி அழைக்காத விருந்தாளி. ஆனால் அந்த விருந்தாளிதான் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பல ஜாதிச் செடிகள் கலந்து வளர்ந்த பாத்திகளில் விளைச்சல் பாதியாகக் குறைந்தது. ஓரிரு ஜாதிகள் மட்டும் கொழுத்து நின்ற பாத்திகளிலோ சுமார் எட்டில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. இதை 1994-இல் வெளியிட்டபோது ஆட்சேபங்கள் கிளம்பின. ஜாதிகள் குறைந்ததால் விழுந்ததா, அல்லது உரம் தின்று வளர்ந்த புல் இயல்பாகவே வறட்சிக்குத் தாங்காததா? இரண்டும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும்போது எப்படிச் சொல்வது?

ஆகவே கலப்பில்லாத ஒரு பரிசோதனை வேண்டியிருந்தது. 1994-இல் ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டராக 168 பாத்திகள் விதைத்தார்கள். சிலவற்றில் ஒரே ஜாதி. சிலவற்றில் இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. எந்தப் பாத்திக்கு எந்த ஜாதி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தீர்மானித்தார்கள். விதைப்பது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒரே ஜாதி இருக்க வேண்டிய பாத்தியில் மற்றச் செடிகள் அழையாமல் நுழையும் அல்லவா? வருஷந்தோறும் கோடையில் மாணவர்கள் கூட்டமாக மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே களை பிடுங்கினார்கள். மகத்தான சாஸ்திர உண்மைகளில் பல இப்படி முழங்கால் வலியில் பிறந்தவை.

2000-ஆம் வருஷத்தில் பார்த்தபோது, பதினாறு ஜாதிகள் கலந்த பாத்திகளில் சேர்ந்திருந்த செடிப்பொருள், ஒற்றை ஜாதிப் பாத்திகளைப் போல் 2.7 மடங்கு. அதே மணல், அதே மழை, அதே வெயில். உரம் என்று எதுவும் போடவில்லை. காரணத்தை ஆராய்ந்தால் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அவரைக் குடும்பத்துச் செடிகள் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. கோடையில் வளரும் உயரமான புற்கள் அதை வாங்கிக்கொண்டு சிக்கனமாகச் செலவழிக்கின்றன. ஒன்று வசந்தத்தில் வேலை செய்தால் மற்றொன்று கோடையில். ஒன்றின் வேர் மேலே, ஒன்றின் வேர் ஆழத்தில். நம் புஞ்சைக் காடுகளில் சோளத்தோடு துவரையையும் தட்டைப்பயறையும் கலந்து விதைக்கிற பாட்டன்மார்கள் இதைக் கேட்டால், “இதற்கா ஆறு வருஷம்?” என்று கேட்கக்கூடும். பல வகைப் புற்களை விதைத்தால் விளைச்சல் கூடும் என்று டார்வினும் 1859-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் தெரிந்த விஷயத்தை அளந்து, எத்தனை மடங்கு, எதனால் என்று சொல்வதற்குக் களை பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

உரம் போட்ட பழைய பாத்திகளின் கதை அதோடு முடியவில்லை. ஹெக்டேருக்கு வருஷம் 10 கிலோ என்ற சொற்ப நைட்ரஜன்கூட, இருபத்துமூன்று வருஷத்தில், ஜாதிகளின் எண்ணிக்கையை நூற்றுக்குப் பதினேழு குறைத்துவிட்டது என்று 2008-இல் கண்டார்கள். தொழிற்சாலைப் புகையும் மோட்டார்ப் புகையும் பல நாடுகளில் மழையோடு கலந்து தூவுகிற நைட்ரஜன் இதற்குக் குறைந்ததல்ல. 2013-இல் வெளியான ஆராய்ச்சி இன்னும் தெளிவாய்ச் சொல்லிற்று: உரத்தால் முதலில் கிடைத்த அதிக விளைச்சல் வருஷங்கள் செல்லச் செல்லத் தேய்ந்துகொண்டே வந்தது; ஜாதிகள் அழிந்த பாத்திகளில்தான் அந்தத் தேய்வு. முதலில் கிடைத்த லாபம், முதலையே விற்று வந்த லாபம்!

கரும்பின் விஷயத்துக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-இல் கரும்பின் இலையை ஆராய்ந்தபோது, நெல்லும் கோதுமையும் போகாத ஒரு வழியில் அது கரியமில வாயுவைப் பிடிக்கிறது என்று கண்டார்கள். நெல்லின் இலையில் வாயுவைப் பிடிக்கும் பொருள், சில சமயம் தவறிப்போய்ப் பிராணவாயுவைப் பிடித்துவிடும்; அதனால் நஷ்டம். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு முதலியவை கரியமில வாயுவை முதலில் வேறொரு பொருளால் பிடித்து, உள்ளறைக்குக் கொண்டுபோய், அங்கே நெருக்கி அடைத்து வைத்துச் சர்க்கரை செய்கின்றன. தவறு குறைவு, நஷ்டமும் குறைவு. ஆகவே காற்றில் கரியமில வாயு கூடினால் நெல் வர்க்கத்துக்குத்தான் லாபம், ஏற்கனவே திருப்தியாயிருக்கும் கரும்பு வர்க்கத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்பது புத்தகத்தில் எழுதியிருந்த நியாயம்.

நிலக்கரிப் புதையலை எரித்து எரித்து மனிதன் காற்றில் அந்த வாயுவைக் கூட்டிக்கொண்டே போகிறான் அல்லவா? ஆகவே இந்த நியாயத்தையும் சிடார் கிரீக்கிலேயே பரீட்சித்தார்கள். இருபது மீட்டர் அகலமுள்ள ஆறு வட்டங்கள். அவற்றைச் சுற்றிக் குழாய்கள் நட்டு, சிலவற்றில் திறந்த வெளியிலேயே கரியமில வாயுவை ஊதினார்கள். பீட்டர் ரைக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998 முதல் இருபது வருஷம் விடாமல் பார்த்தார்கள். முதல் பன்னிரண்டு வருஷம் புத்தகம் சொன்னபடியே நடந்தது. கூடுதல் வாயுவினால் நெல் வர்க்கப் புற்கள் நூற்றுக்கு இருபது அளவில் அதிகம் வளர்ந்தன. கரும்பு வர்க்கப் புற்கள் அசையவில்லை. இத்துடன் நிறுத்தியிருந்தால் எல்லோரும் திருப்தியோடு வீடு திரும்பியிருக்கலாம். அடுத்த எட்டு வருஷத்தில் கதை தலைகீழாயிற்று. நெல் வர்க்கத்துக்குக் கிடைத்த லாபம் மறைந்தது. கரும்பு வர்க்கம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் அதிகமாக வளரத் தொடங்கியது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும் அளவு, ஒரு வர்க்கத்துக்குக் கீழே குறைந்தும் மற்றதற்குக் கீழே கூடியும் வந்ததே காரணமாயிருக்கலாம் என்று 2018-இல் எழுதினார்கள். ஏன் பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பதின்மூன்றாம் வருஷத்துக்கு மேல் அது கட்சி மாறிற்று என்பதை, குழாய்களுக்கு நடுவே முளைத்து நிற்கும் புல்லைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.